ரோசாலி அழுத்திப் பிடித்த ஒன்றேகால் மணி நேரம்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. இரண்டாவது குடத்தை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எடுத்தால் சேவியர்.

"தணி அண்ணா, ரோசாலி போய்ட்டா. காலைல ஆறு மணிக்கு. தூக்கத்துலயே."

என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. "யோவ், தண்ணி வழியுது பாரு" என்று பின்னால் நின்ற பெண் சத்தம் போட்டதும், குழாயை அவர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்ததும் மட்டும் நினைவிருக்கிறது. என் முகத்தைப் பார்த்த அவர், தன் குடத்தோடு என் குடங்களையும் நிரப்பி வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார்.

ரோசாலி அவர்களுக்கு ஐம்பத்திரண்டு வயது. ராயபுரத்தில் மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரே ஒரு அறையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கணவர் சேவியர் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர். ஒரே மகள் செவிலியர் படிப்பு முடித்து வேலையில் இருக்கிறார். நான் காசிமேட்டில் விசைப்படகு மீனவர் சங்க அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுத்தர். எந்தப் படகு எப்போது கடலுக்குப் போனது, யார் யார் போனார்கள், எப்போது திரும்பியது என்று பதிவு செய்வதுதான் என் வேலை. இந்தச் சுற்றுமடலைப் படிக்கும் உங்களில் பலருக்கு ரோசாலியைத் தெரியும். தெரியாதவர்களும் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் என்னோடு மட்டும் முடிந்துபோகிற ஒன்று அல்ல.

முதன்முதலில் அவரைப் பார்த்தது, சங்கத்துக்குக் கணினி வாங்கிய அன்று. அதுவரை எல்லாம் நீளமான நோட்டுப் புத்தகங்களில்தான். நோட்டு வேண்டாம், கணினி வாங்கலாம் என்று நிர்வாகக் குழுவிடம் ஆறு மாதம் வாதாடியவன் நான். பெட்டிகள் வந்து இறங்கின. நீல நிறச் சுடிதாரில் ஒரு பெண்மணி மேசைக்கு அடியில் குனிந்து வயர்களைப் பொருத்திக்கொண்டிருந்தார். எங்கள் செயலாளர் உள்ளே வந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இன்ஜினியர் எங்கம்மா? இன்னும் வர்லியா?" என்று கேட்டார்.

மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "வந்து அரை மணி நேரம் ஆவுது சார். அந்த நாற்காலிய கொஞ்சம் நகத்துங்க, இன்ஜினியர் வெளிய வரணும்."

செயலாளர் நாற்காலியை நகர்த்தினார். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் அவருக்கு இன்ஜினியரம்மா என்று பெயர். அவர் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு வரைதான். திருமணத்துக்கு முன் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கணினிக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பில் போட்ட நேரம் போக மீதி நேரமெல்லாம் பழுதுபார்ப்பவர்களின் மேசைக்குப் பக்கத்தில் நின்று தொழிலைப் பிடித்துக்கொண்டார்.

தூசியைப் பற்றி அவருக்கு ஒரு தனி ஞானம் இருந்தது. கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே படிந்திருப்பதை விரலில் தேய்த்துப் பார்த்தே அது எந்த ஊர் மெஷின் என்று சொல்லிவிடுவார். எண்ணூர்த் தூசி கறுப்பு, மாவைப் போல வழுக்கும். மணலித் தூசி பிசுபிசுக்கும். கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையோரக் கடைகளில் துருப்பொடி கலந்து சிவப்பாக இருக்கும். "நம்மளுது உப்புண்ணா. இத்த வெறும் துணியால தொடச்சா போவாது. பூத்துகினே கீது பாருங்க" என்று காசிமேட்டு மெஷினைக் காட்டிச் சொன்னார். எங்கள் கணினியில் ஒருமுறை மீன் செதில் இருந்தது. அது எப்படி உள்ளே போனது என்று அவரும் நானும் கால் மணி நேரம் யோசித்தோம். விடை கிடைக்கவில்லை.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. எந்த இடத்துக்குப் போனாலும், திருப்புளியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். "கடைசியா இத யாரு தொட்டீங்க? இன்னா செஞ்சீங்க? நான் கோச்சிக்க மாட்டேன், சொல்லிடுங்க." பெரும்பாலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதாவது அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். ரோசாலி சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பிப்பார்.

அந்தக் கேள்விக்கு நானும் ஒருநாள் பொய்ப் பதில் சொன்னேன். இதுவரை எழுத்தில் சொல்லாத அந்த நாளைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். கணினி சில நாட்களாகவே உறுமிக்கொண்டிருந்தது. அதன் மூளைப் பகுதிக்கு மேல் கனமான ஓர் உலோகக் கட்டி இருக்கும். கீழே இருக்கும் சிப்பின் சூட்டை அது உறிஞ்சும். அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சின்ன விசிறி அந்தச் சூட்டை ஊதித் தள்ளும். அந்த விசிறியில் தூசி கம்பளிபோல் அப்பியிருப்பது தகட்டின் ஓட்டை வழியே எனக்குத் தெரிந்தது. ரோசாலியை அழைத்திருக்கலாம். இதற்குப் போய் அவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது.

காலை ஏழரைக்கே அலுவலகம் போய்த் தகட்டைத் திறந்தேன். விசிறியை அந்த உலோகக் கட்டியோடு சேர்த்துக் கழற்றினேன். பிரஷ் போட்டுத் தேய்த்தேன், துணியால் துடைத்தேன். அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்த பசையையும் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எடுத்தேன். எல்லாம் பளபளவென்று ஆயிற்று. திரும்ப வைத்து அழுத்தினேன். நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கால்கள், ஒவ்வொன்றும் 'டக்' என்று பலகையில் உட்கார வேண்டும். மூன்று உட்கார்ந்தன. நான்காவது வேறு மாதிரி சத்தம் போட்டது. பரவாயில்லை என்று மூடிவிட்டேன்.

சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றவில்லை. இரண்டு நிமிடத்தில் கணினி தானாக அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது.

அந்தச் சமயத்தில்தான் தகவல் வந்தது. வடக்கே போய்விடும் என்று சொல்லப்பட்ட புயல் திசை திரும்பியிருந்தது. கடலில் இருக்கும் படகுகள் உடனே பக்கத்துத் துறைமுகங்களில் கரையேற வேண்டும். எத்தனை படகுகள் திரும்பவில்லை, யார் யார் இருக்கிறார்கள், எந்தத் திசையில் போனார்கள் என்ற விவரங்களை அதிகாரிகள் கேட்டார்கள். வாரக் கணக்கில் தங்கித் தொழில் செய்யும் படகுகள் அவை. விவரம் முழுவதும் அந்தக் கணினியில் இருந்தது. நோட்டை நிறுத்தியவனும் நான்தான், அந்தக் கணினியை அப்படி ஆக்கியவனும் நான்தான்.

ரோசாலிக்கு அழைத்தேன். மழை அடித்துக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். அதற்குள் அலுவலகம் முழுவதும் பெண்கள். கணவனை, தம்பியை, மகனை அனுப்பியவர்கள். யாரும் அழவில்லை. ஈரச் சேலையோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். முன்வரிசையில் அஞ்சலை. அவருடைய கணவர் தேசிங்கு படகு ஓட்டுநர், ஆறு நாட்களுக்கு முன் போனவர்.

ரோசாலி மழைச்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கடைசியா இத யாரு தொட்டீங்க?"

செயலாளர் என்னைப் பார்த்தார். அஞ்சலையும் பார்த்தார்.

"யாரும் தொடல ரோசாலி. காலைல வந்து போட்டேன். அணைஞ்சி போச்சு" என்றேன்.

அவர் என் வார்த்தையை நம்பினார். மின்சாரப் பெட்டியைச் சோதித்தார். வேறு வயர் மாற்றிப் பார்த்தார். நினைவகப் பட்டைகளைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பொருத்தினார். தொடாத மெஷின் என்றால் முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான். இருபது நிமிடம் போயிற்று. அந்த இருபது நிமிடத்தில் வெளியே காற்றின் சத்தம் மாறியது எனக்குக் கேட்டது.

அஞ்சலை என் பக்கத்தில் வந்தார். "அண்ணே, என் வூட்டுக்காரரு பேரும் அதுக்குள்ளதான் கீதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

குனிந்து, ரோசாலியின் காதருகே சொன்னேன். "நான்தான் தொட்டேன். காலைல ஃபேனைக் கழட்டி சுத்தம் பண்ணேன்."

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையிலிருந்த நினைவகப் பட்டையை மேசைமேல் வைத்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார். "எதெத கழட்டினீங்க? வரிசையா சொல்லுங்கண்ணா. பசைய தொடச்சீங்களா?"

"தொடச்சேன்."

"நாலு காலும் உக்காந்துச்சா?"

"மூணு."

"சரி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் கைகள் தேடவில்லை, நேராகப் போயின. விசிறியின் வயர், அதன் இறக்கைக்கு அடியில் மடங்கிச் சிக்கியிருந்தது. அதை விரலால் இழுத்து ஓரமாக ஒதுக்கினார். சுவிட்சைப் போடச் சொன்னார். விசிறி சுற்றியது. பெண்களிடமிருந்து ஒரு பெருமூச்சு. நான்கு நிமிடம் ஆனதும் மறுபடி அணைந்துவிட்டது.

ரோசாலி உலோகக் கட்டியின்மேல் விரலை வைத்தார். "அடியில உல கொதிக்குது, மேல இரும்பு சில்லுன்னு கீது. ரெண்டும் ஒட்டல. சூடு மேல ஏறாம காத்து மட்டும் அடிச்சி இன்னா பிரயோஜனம்?" என்றார். கட்டியைத் தூக்கிப் பார்த்தார். நான்காவது கால் உடைந்திருந்தது. அந்த மூலை மயிரிழை அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து சூட்டைக் கடத்தும் பசையை எடுத்துப் புதிதாகத் தடவினார். மாற்றுவதற்குக் கால் அவரிடம் இல்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போடலாம், ஆனால் அவர் கடைக்குப் போய்வர அந்த மழையில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். துறைமுகப் பகுதி முழுவதும் மின்சாரம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் மட்டும் இன்வர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் பிரிண்டரைத் தாங்காது. படகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொன்றாகத் திறந்துதான் படிக்க வேண்டும்.

ரோசாலி தரையில் மண்டியிட்டார். வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விசிறிச் சட்டத்தின் அந்த மூலையில் வைத்து அழுத்தினார். "போடுங்கண்ணா" என்றார்.

போட்டேன். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். திரை அணையவில்லை.

"எவ்ளோ நேரம்மா இப்டி புடிப்ப?" என்று செயலாளர் கேட்டார்.

"லிஸ்ட்டு முடியுற வரைக்கும். நேரத்த வேஸ்ட் பண்ணாத நைனா, வயர்லெஸ்ஸ எடு."

செயலாளரை நைனா என்று கூப்பிட்டவர்கள் அன்றைக்கு முன்பும் யாரும் இல்லை, பின்பும் இல்லை. அவர் மறுபேச்சில்லாமல் வயர்லெஸ் கருவியின் முன் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து படகின் பெயர், எண், அலைவரிசை, ஆட்களின் பெயர்கள் என்று படித்தேன். அவர் கூப்பிட்டார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பதில் வந்த படகுக்கு நேரே ஒரு கோடு.

அரை மணி நேரம் ஆனபோது ரோசாலியின் விரல் நுனிகள் வெளுத்திருந்ததைக் கண்டேன். "நான் புடிக்கறேன்" என்றேன். "உங்க வேல படிக்கறது, அத்த பாருங்க" என்று சொல்லிவிட்டு, அழுத்தம் குறையாமல் கையை மாற்றிக்கொண்டார். அஞ்சலை தன் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார். யாரோ கொண்டுவந்த டீயை ஊதி ஊதி அவர் வாயருகே பிடித்தார். இருவரும் அதற்குமுன் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

பட்டியலில் தேசிங்குவின் படகின் முறை வந்தது. செயலாளர் கூப்பிட்டார், பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். இரைச்சல்தான் கேட்டது. அஞ்சலை டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

ரோசாலி தரையிலிருந்தே கேட்டார். "அண்ணா, ஜோடியா போன போட்டு எதுன்னு அதுல எழுதிருக்கீங்களா?"

எழுதியிருந்தேன். கூடவே போன படகின் பக்கத்தைத் திறந்தேன். அந்தப் படகு வயர்லெஸ்ஸில் கிடைத்தது. "தேசிங்கு எங்க பக்கத்துலதான் வர்றாரு, அவரு செட்டுதான் அவுட்டு. கைய காட்டி சொல்லிடறோம். ஆந்திரா பக்கமா ஏறிடறோம்" என்று உடைந்து உடைந்து குரல் வந்தது. அஞ்சலை அப்போதுதான் அழுதார். ரோசாலியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். "அக்கா, ஆட்டாதீங்க, கை நழுவிடும்" என்றார் ரோசாலி. அவர் கண்ணிலும் நீர்.

ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று, கடைசிப் பக்கம் முடிய. கையை எடுத்தபோது விரல்களை அவரால் விரிக்க முடியவில்லை. சட்டத்தின் மூலை அவர் கட்டைவிரலில் ஆழமாகப் பதிந்து சிவந்திருந்தது. அஞ்சலை வலை பின்னும் நைலான் நூல் கொண்டுவந்தார். பலகையில் அந்தக் காலுக்கான துளை வழியாக நூலைக் கோத்து, மீனவர்கள் போடும் முடிச்சு ஒன்றால் ரோசாலியும் அவரும் சேர்ந்து அந்த மூலையை இறுக்கிக் கட்டினார்கள். புதிய கால் வந்து சேரும்வரை அந்த நூலில்தான் கணினி ஓடியது.

இரண்டு நாட்களில் எல்லாப் படகுகளும் ஏதாவது ஒரு கரையைச் சேர்ந்த செய்தி வந்தது. ஒரு படகு மட்டும் கரையேறும்போது பாறையில் மோதி உடைந்தது, ஆட்கள் நீந்தித் தப்பினார்கள். தேசிங்கு நான்காம் நாள் ரயிலில் வந்து இறங்கினார்.

அடுத்த வாரம் ரோசாலியின் கடைக்குப் போனேன். நான்கு கணினிகளின் குடல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் ரோசாலி, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான்தான் செஞ்சேன்னு சொல்லல?"

"சொன்னா ஃபேன் சுத்துமாண்ணா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஆனா இருவது நிமிஷம் போச்சு. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தூசி தட்டினது தப்பு இல்ல. நீங்க தட்டலன்னா அது ரெண்டு நாள்ல தானே வெந்துருக்கும். மறச்சதுதான் தப்பு. அத்த இத்தோட வுட்டுடலாம். டீ சொல்லட்டா?"

அவர் அதை அத்தோடு விட்டுவிட்டார். அதன்பின் ஒருநாளும், கேலியாகக்கூட, அதை எடுத்ததில்லை. நான் விடவில்லை. அந்த மாதமே செயலாளரிடம் உண்மையைச் சொன்னேன். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் மாலையில் பட்டியலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுகிறோம். ஆனால் அஞ்சலையிடம் மட்டும் எனக்கு வாய் வரவில்லை. மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் அவர் எனக்கு நல்ல மீனாகப் பொறுக்கிப் போடுவார். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வேன்.

ரோசாலி நோயில் விழுந்தது போன வருடம். போன மாதம் மருத்துவமனையில் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார், கண் மட்டும் அதே கண். கட்டிலுக்குப் பக்கத்தில் நாடித்துடிப்பைக் காட்டும் கருவி ஒன்று இரைந்துகொண்டிருந்தது.

"அந்த சத்தம் கேக்குதாண்ணா? உள்ள ஃபேன்ல தூசி. நர்ஸம்மாகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. பேஜாரா கீது."

மறுநாள் அவர் மகள் சொல்லி, ஆட்கள் வந்து திறந்து பார்த்தார்களாம். ஒரு பிடி தூசி வந்ததாம். சேவியர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அன்று நான் அவருக்கு நன்றி சொல்லத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன். "ரோசாலி, அன்னிக்கு நீ இல்லன்னா..." என்று ஆரம்பித்ததுமே கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அன்னிக்கு நீங்க ஒழுங்கா எழுதி வெச்சிருந்தீங்க. ஜோடி போட்டு வரைக்கும் எழுதி வெச்சிருந்தீங்க. அத்த யாரு நெனச்சி பாக்கறாங்க? நான் வெறும் கைய வெச்சேன். உக்காந்து ஆப்பிள் துன்னுங்க."

எத்தனையோ ஆண்டுகளாக என் குற்றத்தை மட்டுமே சுமந்துகொண்டிருந்த எனக்கு, அந்த நாளில் நான் சரியாகச் செய்ததும் ஒன்று உண்டு என்று சொன்ன ஒரே மனிதர் அவர். ஆப்பிளைத் தின்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

புதன்கிழமை மாலை அடக்கம். ராயபுரத்திலிருந்து கல்லறைத் தோட்டம்வரை வரிசை நீண்டிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர்கள், கன்னியாஸ்திரிகள், கன்டெய்னர் யார்டு எழுத்தர்கள், பெரம்பூரிலிருந்து ஒரு டைப்பிங் பள்ளிக்காரர், மீன் மார்க்கெட் பெண்கள். ஒருவரையொருவர் தெரியாது. "உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது.

அஞ்சலை என் பக்கத்தில் நடந்தார். மீன் ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். இன்று சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னேன். காலையில் சுத்தம் செய்ததை, கால் உடைந்ததை, தொடவில்லை என்று பொய் சொன்னதை, அந்த இருபது நிமிடத்தை.

அவர் முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கே தெரியும்ணே" என்றார். "நீ ரோசாலி காதுல சொன்னது எனக்கும் வுழுந்துச்சு. அந்த நேரத்துல உன்ன கிழிச்சி தொங்க வுடணும்போல இருந்துச்சு. அப்ப அது என்ன ஒரு பார்வ பாத்துச்சு. வாய மூடிகினு இருன்னு கண்ணாலயே சொல்லுச்சு. சரின்னு மூடிகினேன். அப்பறம் எம்புருசன் வந்துட்டாரு. அப்பறம் எதுக்கு?"

நான் நின்றுவிட்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்தது. பெட்டியை இறக்க நான்கு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். சேவியரின் கை தளர்ந்தபோது, தேசிங்கு முன்னால் போய் அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார். நங்கூரக் கயிற்றை விடுவது போல, ஒரு சாண் ஒரு சாணாக, பெட்டி எங்கேயும் இடிக்காமல் இறக்கினார். கீழே மண்ணைத் தொட்ட பிறகும் கயிற்றை உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

ரோசாலி, நீங்கள் சொல்லவிடாமல் தடுத்த நன்றியை எழுதிவிட்டேன். அமைதியாகத் தூங்குங்கள், தங்கச்சி.